அறுபத்தொன்றாவது குழந்தை

(காவேரிப்பட்டினத்தில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பகலெல்லாம் மாங்காய்க் கூடை சுமந்துவிட்டும், வயலில் குனிந்து நாற்று நட்டுவிட்டும், ஷிப்டு முடித்துவிட்டும் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். கூலியைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவற்றைப் பேசாமல் நாம் என்றைக்கும் இருந்ததில்லை. ஆனால் இன்று வேறொரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறோம். ஐந்து வயது நிரம்பி, முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசலை மிதிக்கப் போகும் பிள்ளையைப் பற்றிப் பேசப் போகிறோம். இதுவும் கூலிப் பிரச்னையோடு ஒட்டியதுதான். எப்படி என்று போகப் போகத் தெரியும்.

போன வாரம் பென்னையாற்றுப் பக்கம் ஒரு டீக்கடையில் லோடு ஏற்றும் தோழர் ஒருவரைச் சந்தித்தோம். இளைய மகளை எங்கே சேர்க்கப் போகிறீர்கள் என்று கேட்டோம். “வேன் வர்ற இஸ்கூல்லதாண்ணா. மேஸ்திரிகிட்ட முன்பணம் கேட்டிருக்கேன்” என்றார். ஊரிலேயே சர்க்கார் பள்ளி இருக்கிறதே, பெரியவள் அங்கேதானே படிக்கிறாள் என்றோம். “அங்க ஒண்ணாவதும் அஞ்சாவதும் ஒரே ரூம்புல உக்காருதுங்க. எம்மவ இருக்கறதுலயே சின்னது. பெரிய பசங்க நடுவுல அது என்னாத்தண்ணா படிக்கும்?” என்று கேட்டார்.

அந்தத் தோழரைக் குறை சொல்ல நாம் தயாராக இல்லை. தான் பட்ட பாடு தன் மகள் படக்கூடாது என்று நினைக்கிற தகப்பனின் பயம் அது. பயத்தைக் கேலி செய்பவன் தொழிலாளியின் நண்பன் அல்ல. ஆனால் அந்தப் பயத்துக்குள் இரண்டு கேள்விகள் சிக்கிக் கிடக்கின்றன. சின்னப் பிள்ளை பெரிய பிள்ளைகளோடு ஒரே அறையில் உட்கார்ந்தால் கெட்டுப் போகுமா என்பது ஒன்று. ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் அடைத்தது யார், எதற்காக என்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக் கொண்டோமானால், கடைசியில் மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணம்தான் மிச்சம்.

நாமும் அப்படி ஒரு பள்ளியில் கடைக்குட்டியாக உட்கார்ந்தவர்களே. 1985-ஆம் ஆண்டு வாக்கில் நடந்த கதை. நாட்டு ஓடு வேய்ந்த ஒரே கூடம். ஒரே வாத்தியார். ஐந்து வகுப்பும் ஐந்து வரிசை. அடிக்கடி வெளியே ஓட வேண்டியவர்கள் என்பதால் எங்கள் வரிசை வாசற்படியை ஒட்டி. அ, ஆ எழுதத் தெரிவதற்கு முன்பே எங்களுக்கு எட்டாம் வாய்ப்பாடு தெரியும். பக்கத்து வரிசை நாலாம் வகுப்பு அதை அப்படி உரக்கக் கத்திக் கொண்டிருந்தது. பொருள் தெரியாது, ஓசை தெரியும். பின்னால் அந்த வகுப்புக்குப் போனபோது ஓசை ஏற்கெனவே நாக்கில் இருந்தது. பொருளை மட்டும் வாத்தியார் சேர்த்துக் கொடுத்தார்.

‘அ’னாவின் சுழியை விரலைப் பிடித்துச் சுழிக்க வைத்தது வாத்தியார் அல்ல, ஐந்தாம் வகுப்பு அக்கா ஒருவர். கோவை இலையால் சிலேட்டைத் துடைத்துக் கொடுத்ததும் அவரே. சத்துணவுக்கு வரிசை நிற்கும்போது எங்கள் தட்டுகளை முதலில் நீட்டச் சொன்னதும் அவரே. வாத்தியார் கூடத்தின் நடுவில் நின்று கொண்டு, யார் யாருக்கு எது சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று ஒரு கண் வைத்திருப்பார்.

ஆனால் எல்லா நாளும் அப்படி இல்லை, தோழர்களே. சம்பளப் பட்டியல் என்றும், வாக்காளர் பட்டியல் என்றும், பயிற்சி என்றும் வாத்தியார் தாலுகா ஆபீசுக்குப் போய்விடுவார். அன்றைக்குப் பிரம்பு பெரிய பையன்களின் கைக்குப் போகும். அடி வாங்குவது யார்? இருப்பதிலேயே சின்னவர்கள். வாசற்படி வரிசையிலிருந்து இரண்டு பேர் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடுவோம். மறுநாள் போக மாட்டோம் என்று தூணைக் கட்டிக் கொள்வோம். அதே அறை, அதே பிள்ளைகள். வாத்தியார் இருந்த நாளில் பக்கத்தில் இருந்தவர் அக்கா; வாத்தியார் இல்லாத நாளில் பக்கத்தில் இருந்தவன் சட்டாம்பிள்ளை. நாற்பது ஆண்டுகள் கழிந்த பிறகும் இந்த வித்தியாசம் நமக்கு மறக்கவில்லை.

பிள்ளைகளின் வயதைச் சற்றுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் மாநிலத்தில் ஜூலை 31-ஆம் தேதிக்குள் ஐந்து வயது நிரம்பிய பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிறார்கள். ஜூலைக் கடைசியில் பிறந்த பிள்ளைக்கு அன்று சரியாக ஐந்து. முந்தைய ஆகஸ்டில் பிறந்த பிள்ளைக்கு ஆறு ஆகப் போகிறது. இரண்டும் ஒரே வகுப்புத்தான். ஆனால் முன்னது பின்னதைவிட ஆயுளில் ஆறில் ஒரு பங்கு குறைவாக வாழ்ந்திருக்கிறது! உங்களில் முப்பது வயதுக்காரருக்கும் முப்பத்தொரு வயதுக்காரருக்கும் என்ன பேதம்? ஒன்றுமில்லை. ஐந்து வயதில் அந்த ஓராண்டு மலையளவு. பென்சில் பிடிக்கும் விரலில் தெரியும், பேச்சில் தெரியும், ஒன்றுக்குச் சொல்லத் தெரிவதில் தெரியும். ஒரே வயதென்று எண்ணி நாற்பது பிள்ளைகளை உட்கார வைத்து, ஒரே பாடத்தை ஒரே நாளில் நடத்தும் வகுப்பில், அந்த ஜூலைப் பிள்ளைக்கு ‘மக்கு’ என்று பெயர் விழுகிறது. வேன் பள்ளியில் சேர்த்தால் இந்தச் சங்கடம் தீர்ந்துவிடாது. அங்கேயும் யாராவது ஒருவர் வகுப்பிலேயே சின்னவர்தான்.

பல வயதுப் பிள்ளைகள் கலந்த அறையில் ஒரு நன்மை உண்டு. எல்லாரும் ஒரே அளவு ஓட வேண்டும் என்ற நிர்ப்பந்தம் அங்கே இல்லை. அடுத்த ஜூனில் புதிதாகச் சின்னவர்கள் வந்துவிடுவார்கள். நேற்றுக் கடைக்குட்டியாக இருந்தவள் இன்று ஒருத்திக்குச் சிலேட்டு துடைத்துக் கொடுப்பாள்.

*சென்னையில் பிறந்த ‘மதராஸ் முறை’*

பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தின் பழைய வழக்கம். மணலைப் பரப்பி விரலால் எழுதுவார்கள். தேர்ந்தவன் தேறாதவனுக்குச் சொல்வான். 1789-இல் சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைப் பிள்ளைகள் விடுதிப் பள்ளிக்குத் தலைவராக வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், இதைத் திண்ணைப் பள்ளியொன்றில் பார்த்தார். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு இந்நாட்டுத் தாய்மார்களிடம் பிறந்த பிள்ளைகள் படித்த பள்ளி அவருடையது. மணலில் எழுதக் கற்பிக்கச் சொன்னபோது அவருடைய உபாத்தியாயர்கள் மசியவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனை அழைத்து, சின்னவர்களுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடு என்று விட்டார். பையன் சொல்லிக் கொடுத்தான். பிள்ளைகள் கற்றுக் கொண்டார்கள். 1797-இல் அவர் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் பரவியது. அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் லண்டனில் இதைப் போன்ற பள்ளியை நடத்தினார்.

இங்கேதான், தோழர்களே, நாம் கவனிக்க வேண்டிய சூட்சுமம் இருக்கிறது. திண்ணையில் இருபது பிள்ளைகளுக்கு நடுவே, வாத்தியாரின் கண் பார்வையில் நடந்த ஏற்பாடு அது. இங்கிலாந்தில் அப்போது ஆலைகள் பெருகிக் கொண்டிருந்தன. தொழிலாளியின் பிள்ளைகளுக்கு எழுத்து வாசனை கொஞ்சம் வேண்டும், செலவு மட்டும் கூடாது என்று நினைத்தவர்களுக்கு இந்த முறை வரப்பிரசாதமாக அமைந்தது. ஒரு வாத்தியார், நூற்றுக்கணக்கான பிள்ளைகள். மீதியைப் பெரிய பிள்ளைகள் பார்த்துக் கொள்வார்கள்! நம் திண்ணையின் அன்பை எடுத்துக் கொண்டு போய், கஞ்சத்தனமாக மாற்றிக் காட்டினார்கள். சீமானின் பிள்ளைக்கு யாரும் எட்டு வயது வாத்தியாரை அமர்த்தவில்லை.

1833-இல் இங்கிலாந்துத் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. பஞ்சாலையில் வேலை செய்யும் 9 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்குத் தினம் 2 மணி நேரப் படிப்பு என்று விதித்தது. 1844-இல் வந்த சட்டம் அதை 3 மணியாக்கியது. வேலைக்குச் சேரும் வயதை எட்டாகக் குறைக்கவும் செய்தது. அந்தப் பள்ளிகளின் லட்சணத்தைக் காரல் மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் பாகத்தில், தொழிற்சாலை இன்ஸ்பெக்டர்களின் அறிக்கைகளிலிருந்தே எடுத்துக் காட்டியிருக்கிறார். 15 அடி நீளம், 10 அடி அகலம் உள்ள ஓர் அறையில் 75 குழந்தைகள். தலைக்கு இரண்டு சதுர அடி! 1844-க்கு முன்பு, பிள்ளை பள்ளிக்கு வந்தது என்று எழுதிக் கொடுக்கும் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடத் தெரியாமல் பெருக்கல் குறி போட்ட வாத்தியார்களும் இருந்தார்களாம். மில் தோழர்கள் இதை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். உங்கள் முன்னோர்களின் பிள்ளைகள் அவர்கள். தேசம் வேறு, வர்க்கம் ஒன்று.

*மூன்று மணி நேரப் படிப்பு*

நம் மாவட்டத்துக்கு வருவோம். ஓசூர்ப் பக்கம் தொரப்பள்ளி கிராமத்தில் 1878-இல் பிறந்தவர் ராஜாஜி. மணியக்காரர் வீட்டுப் பிள்ளை. ஓசூரில் படித்தார், பெங்களூரில் படித்தார், சென்னையில் படித்தார். அவர் படிப்பை யாரும் பாதி நாளாக வெட்டவில்லை. சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாக இருந்தபோது, 1953-இல் கிராமத்து ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டு வந்தார். தினம் 3 மணி நேரம்தான் பள்ளி, இரண்டு ஷிப்டு, மிச்ச நேரம் தகப்பன் செய்யும் தொழிலைப் பிள்ளை பார்த்துப் பழக வேண்டும். பள்ளிகள் குறைவு, உபாத்தியாயர்கள் குறைவு, பணம் குறைவு. இருக்கிற வாத்தியாரைக் கொண்டே இரு மடங்கு பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. 1844-ஆம் ஆண்டு இங்கிலாந்து ஆலைச் சட்டத்திலும் மூன்று மணி நேரம். 1953-இல் இங்கேயும் மூன்று மணி நேரம்! ஏழையின் பிள்ளைக்கு அளந்து ஊற்றும் படி எல்லா தேசத்திலும் ஒரே அளவுதான் போலும்.

‘குலக்கல்வி’ என்று பெயர் சூட்டி மக்கள் அதை எதிர்த்தார்கள். திராவிட இயக்கங்கள் எதிர்த்தன. சட்டசபையிலும் தெருவிலும் கம்யூனிஸ்டுகள் எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே பலர் எதிர்த்தார்கள். 1954-இல் ராஜாஜி பதவியை விட்டு விலகினார். காமராஜர் முதல் மந்திரியானார். அதே ஆண்டு மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது.

பிறகு ஊருக்கு ஊர் பள்ளிகள் எழுந்தன. அவற்றில் பல ஓராசிரியர் பள்ளிகள். இது முன்னேற்றமே, இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். பள்ளியே இல்லாத ஊரில் ஒரு வாத்தியார் வருவது மழை வருவதற்குச் சமானம். ஆனால் ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பு என்ற நிலைமை தற்காலிகமாக வந்து நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. 1987-இல் மத்திய சர்க்கார் கரும்பலகைத் திட்டம் என்ற ஒன்றைத் தொடங்கி, எந்த ஆரம்பப் பள்ளியிலும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு வாத்தியார் இருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. சுதந்திரம் வந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு!

*ஒரு பிள்ளைக்கு ஒரு வாத்தியார்*

இப்போது நடப்புக்கு வருகிறோம். இதைக் கொஞ்சம் உன்னிப்பாகக் கேளுங்கள்.

2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் இணைப்பில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரையிலான பள்ளியில் 60 குழந்தைகள் வரை இருந்தால் 2 வாத்தியார். 61 முதல் 90 வரை 3 வாத்தியார். 91 முதல் 120 வரை 4. வகுப்புக்கு ஒருவராக 5 வாத்தியார் வேண்டுமானால் 121 குழந்தைகள் இருக்க வேண்டும்.

இதன் அர்த்தம் என்ன? 121 குழந்தைகள் இல்லாத ஊரில், ஒன்றாவதும் இரண்டாவதும் ஒரே அறையில் உட்கார்வது வாத்தியாரின் சோம்பலால் அல்ல, ஹெட்மாஸ்டரின் குறும்பால் அல்ல, சட்டத்தின் கணக்கினால். நம் சுற்றுவட்டாரத்துச் சிற்றூர்களில் எத்தனை ஊர்ப் பள்ளிகளில் 121 பிள்ளைகள் தேறும்? நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அட்டவணையின் முதல் வரியையும் இரண்டாவது வரியையும் சேர்த்துப் படியுங்கள். 60 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு இரண்டு வாத்தியார். 61 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு மூன்று வாத்தியார். நடுவில் நிற்பது ஒரே ஒரு குழந்தை! அந்த அறுபத்தொன்றாவது குழந்தை எது? நம் லோடு தோழரின் இளைய மகளாகவே இருக்கலாம். பெரிய பிள்ளைகளோடு உட்கார வேண்டுமே என்று பயந்து அவளை வேனில் ஏற்றினால், மூன்றாவது வாத்தியாருக்கு அங்கே இடமில்லாமல் போகிறது. மூன்று அறையில் உட்கார்ந்த பிள்ளைகள் இரண்டு அறையில் உட்கார வேண்டும். அதைப் பார்த்து இன்னும் இரண்டு தகப்பன்மார் பயப்படுவார்கள். இன்னும் இரண்டு பிள்ளைகள் வேன் ஏறும். இப்படி எண்ணிக்கை தேய்ந்து தேய்ந்து, ஒரு நாள் அதிகாரி வந்து பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, பிள்ளையே இல்லாத ஊருக்குப் பள்ளி எதற்கு என்று கேட்பார். எதைக் கண்டு பயந்தோமோ அதை நாமே காசு கொடுத்து வரவழைத்துக் கொள்கிறோம். காசும் நம் காசல்ல, மேஸ்திரியின் முன்பணம்! அதைக் கழிக்க எத்தனை மாதம் குறைந்த கூலிக்கு லோடு ஏற்ற வேண்டும்? கூலிப் பிரச்னை என்று முதலில் சொன்னது இதைத்தான்.

இது வெறும் ஊகம் அல்ல. 2025 ஜூன் மாதம் உத்தரப் பிரதேச சர்க்கார், 50-க்கும் குறைவான பிள்ளைகள் உள்ள பள்ளிகளைப் பக்கத்து ஊர்ப் பள்ளிகளோடு இணைக்க ஆணை போட்டது. அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும் என்றால் ஐந்தாம் வகுப்புப் பையன் நடந்துவிடுவான். நின்று போவது யார்? அறையிலேயே சின்னவள் எவளோ அவள். அதிலும் பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம்.

வாத்தியார் எத்தனை பேர் என்பதை நம் மாநிலத்தில் ஆகஸ்ட் 1-ஆம் தேதி நிலவரப்படி உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கொண்டு நிர்ணயிக்கிறார்கள். பள்ளி திறப்பது ஜூனில். ஜூனும் ஜூலையும் நமக்கு எது? மாம்பழக் காலம்! மாங்கூழ் ஆலைகளில் பெண்களுக்கு வேலை கிடைக்கிற சில வாரங்கள் அவைதாம். விடியற்காலையில் தாய் கிளம்பிவிடுகிறாள். தகப்பன் பெங்களூரில் சாரத்தின் மேல் நிற்கிறான். ஐந்து வயதுப் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்ப் பெயர் எழுதி வைக்க வீட்டில் ஆள் இல்லை. சீசன் முடிந்து சேர்த்துக் கொள்ளலாம் என்று தள்ளிப் போடுகிறோம். செப்டம்பரில் சேர்த்தாலும் சேர்த்துக் கொள்வார்கள். சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆனால் ஆகஸ்ட் 1-ஆம் தேதிக் கணக்கில் அந்தப் பிள்ளை இல்லை!

சரி, பிள்ளையைச் சேர்த்துவிட்டோம், வாத்தியாரும் வந்துவிட்டார். பல வகுப்பும் கலந்த அறையில் அவர் எப்படிச் சொல்லிக் கொடுப்பார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு வழி உண்டு. நம் பக்கத்திலேயே உருவான வழி. ஆந்திராவில் மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலியில், சிற்றூர்ப் பிள்ளைகளுக்கென்றே பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்து, ஏணிப்படி போல அடுக்கி வைத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் படியில் தான் ஏறும். பக்கத்துப் பிள்ளை எந்தப் படியில் இருந்தால் என்ன? 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் இதைச் ‘செயல்வழிக் கற்றல்’ என்று தொடங்கினார்கள். 2007-இல் தமிழ்நாடு முழுவதும் கொண்டு வந்தார்கள். வாத்தியார் நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் உட்கார்ந்தார். சுவரின் கீழ்ப் பகுதி முழுக்கக் கரும்பலகை. ஐந்து வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் அவளுக்கென்று ஓர் இடம். பெரியவர்கள் உயரத்துக்கே எல்லாவற்றையும் மாட்டிப் பழகிய தேசத்தில் இது சின்ன விஷயம் அல்ல.

குறை என்ன? அட்டை வந்த அளவுக்கு வாத்தியார் வரவில்லை. எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்க ஆள் வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் அட்டைகள் அலமாரியில் தூங்கின. சின்னப் பிள்ளை ஒரே அட்டையைப் பத்து நாள் தடவிக் கொண்டு இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு, 2022-இல், எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைக்கும் எழுத்தும் எண்ணும் வந்துவிட வேண்டும் என்று ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கினார்கள். அதிலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்ற அளவைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். பெயர் நன்றாக இருக்கிறது. அரும்புக்குத் தண்ணீர் ஊற்றுகிற கை எத்தனை என்பதுதான் நம் கேள்வி.

2023-இல் எல்லா சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளுக்கும் விரிந்த காலைச் சிற்றுண்டியை நாம் மனமார வரவேற்கிறோம். தாய் விடியலில் வேலைக்குப் போகும் வீட்டில் அது யாருக்கு அதிகம் பயன்படுகிறது? தானாகச் சோறு போட்டுச் சாப்பிடத் தெரியாத கடைக்குட்டிக்கு. மறுபுறம், தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிய பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக, 2024–25-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்குச் சேர வேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது. டெல்லியில் இரண்டு சர்க்கார்கள் மல்லுக்கு நின்றால், அதன் அடி கடைசியில் விழுவது வாசற்படி வரிசையில்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்தக் கலப்பில் சின்னவர்களுக்குத்தான் லாபம் அதிகம். நார்வே நாட்டில் பல வகுப்புகள் சேர்ந்து உட்காரும் கிராமப் பள்ளிகளைப் பார்த்து 2016-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நம் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள், பதின்மூன்று பதினாலு வயதுக்காரர்கள் படித்த பள்ளிகள் அவை. மேல் வகுப்போடு உட்கார்ந்தவர்களுக்குப் படிப்பு கூடியது. கீழ் வகுப்போடு உட்கார்ந்தவர்களுக்குக் குறைந்தது என்று அது சொல்கிறது. அப்படியானால், ‘அ’ எழுதக் கற்றுக் கொடுத்த அந்த அக்காவின் கணக்கு என்ன? எங்களுக்கு விரல் பிடித்த நேரத்தில் அவருடைய பின்னக் கணக்கு நின்று போயிற்று. வீட்டிலே தம்பியை இடுப்பில் சுமந்தவர், பள்ளியிலே எங்களைச் சுமந்தார். ஐந்தாம் வகுப்போடு அவர் நின்றார். மறு வாரமே களை வெட்டப் போனார். வாத்தியாருக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்தைச் சர்க்கார் மிச்சம் பிடித்தது. அதை உழைத்துக் கொடுத்தவர் பத்து வயதுப் பெண்ணொருத்தி. அவர் பெயருக்கு எந்தச் சம்பளப் பட்டியலும் இல்லை.

ஆகவே பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்கு அரை மணி நேரம் சொல்லிக் கொடுப்பதை நாம் வரவேற்கலாம். நாள் முழுவதும் சொல்லிக் கொடுப்பதை எதிர்க்க வேண்டும். தாய்மார்களே, உங்கள் பெரிய மகள் வீட்டுக்கு வந்ததும் கேளுங்கள்: இன்றைக்கு உனக்கு வாத்தியார் என்ன பாடம் நடத்தினார் என்று. “சின்னதுங்களப் பாத்துக்கிட்டேன்” என்று தினமும் பதில் வந்தால், அங்கே ஒரு வாத்தியார் குறைகிறார் என்று அர்த்தம்.

பள்ளிக்கு வரும் வயதே ஆகாத பிள்ளைகளும் அந்த அறையில் இருக்கிறார்கள். மூன்று வயதுத் தம்பியை அக்கா கூட்டி வந்து பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்கிறாள். பதிவேட்டில் அவன் பெயர் கிடையாது. சாப்பாட்டுக் கணக்கிலும் கிடையாது. அக்காளின் தட்டில் பாதி அவனுக்கு. கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதிலிருந்துதான் பேசுகிறது. ஆறுக்குக் கீழே உள்ளவர்களைப் பற்றி அரசியல் சட்டம் சொல்வதெல்லாம், சர்க்கார் முயற்சி செய்ய வேண்டும் என்பதே. முயற்சிக்குக் கெடு வைக்கவில்லை. அங்கன்வாடி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, 1975-லிருந்து இருக்கிறது. தாய் திரும்பி வரும் நேரம் வரை அது திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். மாம்பழ சீசனிலாவது, ஆலை ஷிப்டு முடியும் வரை அங்கன்வாடி திறந்திருக்க வேண்டும் என்பதை நம் கோரிக்கைப் பட்டியலில் கூலிக்கு அடுத்த வரியில் எழுத வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். சங்கத்தில் சில தோழர்கள் இதைப் பெண்கள் விஷயம் என்று ஒதுக்கப் பார்க்கிறார்கள். அவர்கள் ஒரே ஒரு நாள் மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக் கொண்டு மாங்காய் நறுக்கிப் பார்க்கட்டும்.

சட்டத்தில் நமக்குச் சாதகமான இரண்டு பிடிகள் இருக்கின்றன. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோர்கள் இருக்க வேண்டும். குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நம் தெருவிலிருந்து அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள்? பல ஊர்களில், கையெழுத்து வாங்க வந்தபோது வாசலில் நின்று போட்டுக் கொடுத்ததோடு சரி. கூட்டம் எந்தத் தேதி என்று கேளுங்கள். சாயங்காலத்தில் வைக்கச் சொல்லுங்கள். பகலில் வைத்தால் கூலியை விட்டுவிட்டு யார் வர முடியும்? இரண்டாவது, மக்கள் தொகைக் கணக்கு, பேரிடர் நிவாரணம், தேர்தல், இந்த மூன்றைத் தவிர வேறு படிப்புச் சாராத வேலைக்கு வாத்தியாரை அனுப்பக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. வாத்தியார் பள்ளியில் இல்லாத நாளையும் காரணத்தையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வாத்தியாரை மாட்டிவிட அல்ல, வாத்தியாரைக் காப்பாற்ற. அவரும் சம்பளத்துக்கு உழைப்பவரே. ஐந்து வகுப்பைச் சுமக்கிறவரோடு நமக்குச் சண்டை இல்லை.

ஓசூர்ப் பக்கத்துத் தோழர்கள் ஒன்றைச் சொன்னார்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பிள்ளை, ஒடியாவிலும் பீகாரிலுமிருந்து வந்த தொழிலாளியின் பிள்ளை, தமிழ் அறையில் முதல் ஆறு மாதம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிறது என்று. வயதிலும் சின்னது, பாஷையிலும் சின்னது. அந்தப் பிள்ளையின் பாஷையில் ஒரு பெரிய பிள்ளை அறையில் இருந்துவிட்டால் அதற்கு உயிர் வருகிறது என்றும் அவர்களே சொன்னார்கள். குவாரிக் கொட்டகைகளிலும் செங்கல் சூளைகளிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் நம் பக்கமும் இருக்கிறார்கள். அவர்களும் 61-க்குள் சேர்த்திதான்.

லோடு தோழரின் வீட்டுக்கு நேற்று மாலை மறுபடியும் போனோம். அட்டவணையைக் காட்டினோம். அவர் சட்டென்று ஒப்புக் கொள்ளவில்லை. “வாத்தியார் வருவாரு, வருவாருன்னு சொல்லி வராம போனா?” என்று கேட்டார். வராவிட்டால் வர வைக்கும் வரை உங்களோடு நிற்போம் என்பதைத் தவிர அவருக்குக் கொடுக்க நம்மிடம் வேறு வாக்குறுதி இல்லை. அவர் சம்சாரம்தான் உள்ளேயிருந்து, “பெரியவ இருக்கா இல்ல, கையப் புடிச்சிக் கூட்டிக்கிட்டுப் போவா” என்றார். அவர் இன்னும் யோசிக்கிறார்.

நம் தெருக்களில் ஐந்து வயது நிரம்பிய பிள்ளைகளின் பட்டியல் ஒன்று எடுத்துக் கொண்டிருக்கிறோம். விடியற்காலை ஷிப்டுக்குப் போகிற தாய்மார்கள், பிள்ளையைக் கூட்டிப் போக ஆள் இல்லாதவர்கள், கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்பக்கம் நோட்டோடு நிற்கும் பெண் தோழர்களிடம் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, தெரு. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதற்காகச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அதற்காகத் தயங்க வேண்டாம். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நாம் பள்ளி வாசலில் இருப்போம்.